மே மாதத்துக்கு யார் பொறுப்பு?



ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரே மாதிரிப் படங்கள் வந்து குவியும். நடுவில் முழ உயரத்துக்கு ஒரு மரக்கன்று. சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள், எல்லார் கையும் அந்த ஒற்றைக் கன்றின் மேல். ஒருவர் பிளாஸ்டிக் குடத்தைச் சாய்த்தபடி கேமராவைப் பார்ப்பார். பின்வரிசையில் சீருடைப் பிள்ளைகள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். முடிந்தவரை இந்தப் படங்களை நாம் வெளியிட்டுத்தான் வருகிறோம். ஆனால் அதே கன்றின் பக்கத்தில் அடுத்த மே மாதம் நின்று எடுத்த படத்தை இதுவரை யாரும் அனுப்பியதில்லை.

குறை சொல்லும் யோக்கியதை எனக்கும் இல்லை. ஏழாம் வகுப்பில் எங்கள் சாருக்குத் திடீரென்று தோட்ட ஆசை வந்து, எங்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்துப் பாத்தி போடச் சொன்னார். எங்கள் கூட்டத்துக்கு வெண்டை. இருபத்தோரு செடி முளைத்தது என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது, ஏனென்றால் தினமும் காலையில் எண்ணுவோம். முதலில் பறித்த காய்களைச் சத்துணவுக்குக் கொடுத்துவிட்டு, சாம்பாரில் மிதந்த ஒவ்வொரு வெண்டைத் துண்டையும் எங்களுடையது என்று உரிமை கொண்டாடினோம். ஏப்ரலில் பரீட்சை முடிந்தது. நான் பாட்டி ஊருக்குப் போய்விட்டேன். ஜூன் மாதம் திரும்பி வந்தபோது பாத்தியில் குச்சிகள் நின்றன. வேலி முள்ளை யாரோ அடுப்புக்கு எடுத்துப் போயிருந்தார்கள், மீதியை ஆடு பார்த்துக்கொண்டது. காவல்காரத் தாத்தாவிடம் போய்ச் சண்டைக்கு நின்றோம். "எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலியேப்பா" என்றார். நியாயம்தான். ஐம்பது பேர் சேர்ந்து போட்ட தோட்டத்துக்கு மே மாதத்தில் யார் பொறுப்பு என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

இந்தப் பழைய கதையைக் கிளறிவிட்டது போன வாரம் காவேரிப்பாக்கம் பக்கம் போய் வந்த ஒரு பயணம். பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. பரீட்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. பள்ளித் தோட்டத்தைப் பற்றிப் பேச இதுதான் சரியான மாதம் என்று எனக்குப் படுகிறது. ஜூனில் பேசினால் எல்லாருமே உற்சாகமாகப் பேசுவார்கள்.

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டி, வாலாஜாவுக்கு முன்னால் வருவது காவேரிப்பாக்கம். 2019இல் வேலூர் மாவட்டத்தைப் பிரித்தபோது ராணிப்பேட்டை மாவட்டத்துக்குள் வந்த ஊர். பேருந்தில் போகிறவர்களுக்கு அது ஒரு நிறுத்தம். இறங்கி ஏரிக்கரை மேல் ஏறி நின்றால்தான் ஊரின் பெருமை புரியும். தமிழ்நாட்டின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று அது. பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் வெட்டுவித்தது என்பார்கள். அதற்குத் தண்ணீர் பாலாற்றிலிருந்து வருகிறது. வெள்ளைக்காரர் காலத்தில், 1850களில், வாலாஜாவுக்குப் பக்கத்தில் பாலாற்றின் குறுக்கே கட்டிய அணைக்கட்டில் ஆற்று நீர் கால்வாய்களாகப் பிரிகிறது. அதில் ஒரு கால்வாய் இந்த ஏரிக்கு, இன்னொன்று மகேந்திரவாடி ஏரிக்கு. மகேந்திரவாடியில் ஒற்றைப் பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மன் செய்த கோயில் இருக்கிறது. தன் பெயரில் அமைத்த ஏரியையும் அங்கே கல்வெட்டில் பொறித்து வைத்தான். அரசர்கள் ஏரிக்குப் பெயர் வைத்துப் பெருமைப்பட்ட நாடு இது.

காவேரிப்பாக்கத்துக்குச் சரித்திரத்தில் ஒரு தோப்பும் உண்டு. 1752 பிப்ரவரியில் ராசா சாகிபின் படையும் பிரெஞ்சுக்காரர்களும் ராபர்ட் கிளைவுக்காக இந்த ஊரில்தான் காத்திருந்தார்கள். பிரெஞ்சுப் பீரங்கிகளை ஒளித்து வைத்த இடம் ஒரு மாந்தோப்பு. கிளைவின் ஆட்கள் இருட்டில் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகத் தோப்புக்குள் நுழைந்ததில் சண்டை திசை மாறியது. காவேரிப்பாக்கத்துத் தோப்பு ஒன்றுக்குப் புத்தகத்தில் இடம் கிடைத்தது பீரங்கியால் என்பதை நினைத்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. மாம்பழம் எப்படி இருந்தது என்று ஒரு வெள்ளைக்காரனாவது எழுதி வைத்திருக்கலாம்.

நான் போனது கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு. பெயர் வேண்டாம் என்று தலைமையாசிரியை கேட்டுக்கொண்டார். பெயர் போட்டால் உடனே யாராவது கன்று நட வந்துவிடுவார்களாம்.

அங்கே நான் முதலில் கவனித்தது செடியைக்கூட இல்லை, குழாயடியை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் வரிசையாக நின்று தட்டுக் கழுவினார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு லிட்டர் என்று வைத்தாலும் நூற்றைம்பது பிள்ளைகளுக்கு நூற்றைம்பது லிட்டர். சின்ன வகுப்புகளுக்குக் காலை உணவும் உண்டு என்பதால் காலையிலும் கொஞ்சம் சேரும். பெரும்பாலான பள்ளிகளில் இந்தத் தண்ணீர் வாசல் பக்கம் ஓடி, தேங்கி, கொசு வளர்க்கிறது. இங்கே அது ஒரு சின்ன வாய்க்கால் வழியாகக் கூழாங்கல்லும் மணலும் கொட்டிய குழிக்குப் போகிறது. குழியைச் சுற்றிக் கல்வாழை. சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் அங்கேயே தங்கிவிட, தெளிந்த தண்ணீர் நான்கு வாழைக்கும் ஒரு சேப்பங்கிழங்குப் பாத்திக்கும் போய்ச் சேர்கிறது. கீரைக்கு இந்தத் தண்ணீரை விடுவதில்லை. கொத்தமல்லி மாதிரிப் பச்சையாக வாயில் போடுகிற எதற்குமே கழுவின தண்ணீர் ஆகாது என்று ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எனக்கு எச்சரிக்கையாகச் சொன்னாள்.

சத்துணவு ஆயா முட்டை ஓட்டை ஒரு பழைய டின்னில் சேர்த்து வைத்திருந்தார். நாளுக்கு ஒரு முட்டை என்றால் வாரத்தில் எத்தனை ஓடு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெயிலில் காய வைத்து, சாக்கில் கட்டி, பிள்ளைகள் அதன் மேல் ஏறிக் குதித்து நொறுக்குகிறார்கள். தக்காளிக்கு அடியில் போடுவதற்கு. "குதிக்கிறதுக்குன்னே தெனம் சண்ட போட்டுக்குனு வருதுங்க சார்" என்றார் ஆயா. சுண்ணாம்புச் சத்து மண்ணில் மெதுவாகத்தான் இறங்கும். குதிக்கிற சந்தோஷம் உடனே கிடைத்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு ஜெர்மன்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுக் குழந்தைகள் எல்.கே.ஜி., யு.கே.ஜி. படிக்கிறார்கள் அல்லவா? அந்தக் கடைசி 'ஜி' என்ன என்று எத்தனை பேர் யோசித்திருப்போம்? தோட்டம். ஃபிரீட்ரிக் ஃப்ரோபெல் என்பவர் 1837இல் ஜெர்மனியின் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கி, 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன், குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் வைத்தார். அது வெறும் உவமை இல்லை. நிஜமாகவே அங்கே தோட்டம் இருந்தது. நடுவில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகச் சின்னப் பாத்தி, சுற்றிலும் எல்லாருக்கும் பொதுவான பாத்திகள். தன்னுடையதைத் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம், காய விட்டாலும் அது தன் பாடு. பொதுப் பாத்தியை மட்டும் கூடித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரஷ்ய அரசுக்கு இது பிடிக்காமல் போய் 1851இல் கிண்டர்கார்டன்களையே தடை செய்தது. அடுத்த ஆண்டு ஃப்ரோபெல் இறந்துபோனார். 1860இல் தடை நீங்கியது. அதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவிய அந்தப் பள்ளி நம் ஊருக்கு வரும்போது 'ஜி' மட்டும் வந்தது, தோட்டம் வழியிலேயே தங்கிவிட்டது. நம் தெருக்கோடி எல்.கே.ஜி.யில் ஓர் அங்குல மண் இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் ரோஜாப்பூ வரைந்திருப்பார்கள்.

நம் பக்கத்தில் முயற்சியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1920களிலேயே ஆற்காடு மிஷன் காட்பாடியில் வேளாண்மையும் கோழி வளர்ப்பும் கற்றுக்கொடுத்தது. மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ரிஷிவேலிப் பள்ளி, வறண்டு கிடந்த பள்ளத்தாக்கில் வருஷக்கணக்காக மரம் வைத்து, 1991இல் அதைப் பறவைகளுக்கான காப்பிடமாக அறிவிக்கும் அளவுக்குக் கொண்டுவந்தது. திருவண்ணாமலையில் மருதம் பண்ணைப் பள்ளி இருக்கிறது, அந்தப் பிள்ளைகளுக்குக் கிரிவல மலையில் காடு வளர்ப்பதும் படிப்பில் சேர்த்தி. ஆனால் இவற்றை உதாரணமாகச் சொன்னால் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் சிரிப்பார்கள், சிரிப்பதும் சரி. அவர்களிடம் விடுதியும் நிலமும் ஆளும் இருக்கின்றன, மே மாதமும் யாராவது அங்கே இருப்பார்கள். அதனால் எனக்கு அதிகம் பிடித்தது விழுப்புரம் மாவட்டத்து நடுக்குப்பம். கழுவெளி ஏரிக்குத் தண்ணீர் வந்து சேரும் பகுதியில் இருக்கிற கிராமம் அது. ஆரோவில்லில் 1973 முதல் காடு வளர்த்துவரும் பிச்சாண்டிகுளம் குழுவினர் அங்கே அரசுப் பள்ளியோடு சேர்ந்து மூலிகைத் தோட்டமும் சுற்றுச்சூழல் கல்வி மையமும் அமைத்தார்கள். சென்னையில் குப்பைமேடாகக் கிடந்த அடையாறு முகத்துவாரத்து 58 ஏக்கரை மீட்டு, 2011இல் பூங்காவாகத் திறக்க வழி செய்ததும் இதே குழுதான். ஊரின் ஏரியைப் புரிந்துகொள்ளப் பள்ளித் தோட்டத்தில் ஆரம்பிக்கலாம் என்பது நடுக்குப்பத்தில் நான் எடுத்துக்கொண்ட பாடம். காவேரிப்பாக்கத்துக்கு அது அப்படியே பொருந்தும்.

கொஞ்சம் கசப்பான பேச்சும் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகையைச் சேர்ந்த நம் தோல் ஷாப் (தோல் பதனிடும் தொழிற்சாலை) வட்டாரத்தில் தோட்டம் போடுவது மற்ற ஊர்களில் போடுவதைப் போல இல்லை. 1996இல் வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கின் தீர்ப்பில், இந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனதை உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்பதை இந்திய மண்ணின் சட்டமாக்கிய தீர்ப்பு அது. 2006இல் ஓர் அமெரிக்க அமைப்பு உலகில் மிகவும் மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியல் போட்டபோது, செர்னோபிலோடு சேர்ந்து ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. மூடிப்போன ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவுமேடுதான் காரணம்.

இதைச் சொன்னதும் ஆசிரியர்கள் குரோமியத்தைப் பற்றி மட்டும் கேட்கிறார்கள். செடிக்கு அன்றாட எதிரி உப்பு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பைக் கொட்டித்தான் அனுப்புவார்கள். ஷாப்பில் அதைக் கழுவும்போது அந்த உப்பெல்லாம் தண்ணீரோடு போய்க் கிணற்றில் இறங்குகிறது. பாத்தி காய்ந்ததும் மண் மேல் வெள்ளையாகப் பூக்கிறதா, இலை ஓரம் கருகுகிறதா என்று பாருங்கள். பாட்டிகள் உவர் என்று சொல்வது அதைத்தான். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மண்ணையும் தண்ணீரையும் கொடுத்தால் உப்பளவு தெரிந்துவிடும். குரோமியம் போன்ற உலோகத்துக்குத் தனியாகச் சொல்லிப் பரிசோதிக்க வேண்டும். சந்தேகம் இருக்கிற இடத்தில் கீரையும் கிழங்கும் போடாதீர்கள், பூவும் நிழல் மரமும் போதும். காய் வேண்டுமென்றால் நல்ல மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து சாக்கிலோ தொட்டியிலோ மேடைப் பாத்தியிலோ போட்டு, மழைத்தண்ணீர் சேமித்து ஊற்றுங்கள். நான் பார்த்த பள்ளி தோல் ஷாப்புகளிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் ஏரிக்கு வருவது பாலாற்றுத் தண்ணீர் என்பதால் தலைமையாசிரியை பரிசோதித்துவிட்டுத்தான் முதல் விதையை ஊன்றினார்.

அந்தத் தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் ஆவாரஞ்செடிகள் வரிசையாக நிற்கின்றன. வேலியாக இருக்கட்டும் என்று வைத்தது. தங்க நிறத்தில் பூத்திருந்தது. தோல் பதனிட ஒரு காலத்தில் நம் ஊர்க்காரர்கள் நம்பியிருந்தது இதன் பட்டையைத்தான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்த தோல் சென்னையிலிருந்து கப்பலேறிப் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் முறையைச் செய்து காட்டினார். நாட்கணக்கில் ஊற வேண்டியது மணிக்கணக்கில் முடிந்தது. வேகம் கூடியதும் ஆவாரை மறுபடி சாலையோரச் செடியாகிவிட்டது. அந்தப் பள்ளியில் ஏழெட்டுப் பிள்ளைகளின் அப்பாவோ அம்மாவோ ராணிப்பேட்டைப் பக்கம் தோல், ஷூ வேலைக்குப் போகிறவர்கள். "எங்க நயினா வேல செய்யறதுல இந்தப் பட்டையெல்லாம் இப்ப போடறதில்லியாம், தாத்தா காலத்துல போட்டாங்களாம்" என்று ஒரு பையன் சொன்னான். தோட்டத்துக்குள் நின்றுகொண்டு தன் வீட்டுச் சரித்திரத்தைச் சொன்ன அவனை விட்டு வர மனமில்லை.

கற்பனை வளத்தோடு தோட்டம் அமைப்பது என்றால் பழைய டயருக்குப் பச்சை பெயின்ட் அடித்து மயில் செய்வது என்று எப்படியோ ஒரு எண்ணம் பரவிவிட்டது. மயில் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே ஒரு டீச்சர் போன ஆடியில் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "நம்ம மதியச் சாம்பாரை முழுக்க நாமே விளைய வைக்க முடியுமா?"

அந்தக் கேள்விதான் தோட்டத்தின் வரைபடமே. கரும்பலகையில் சாம்பாரைப் பிரித்து எழுதினார்கள். கத்தரிக்காய், தக்காளி, சின்ன வெங்காயம், மிளகாய், மல்லி, கறிவேப்பிலை எல்லாம் சுலபம். முருங்கை ஏற்கெனவே நின்றது. பருப்புக்கு என்ன செய்வது என்று திகைத்தபோது, கொல்லை வைத்திருக்கும் வீட்டுப் பெண் துவரையை வேலியோரம் ஊன்றலாமே என்றாளாம். ஊன்றினார்கள், ஆள் உயரத்துக்கு வளர்ந்து பூத்தது. மொத்தமாகக் கிடைத்தது மூன்று படி. நூற்றைம்பது பேர் சாம்பாருக்கு அது எத்தனை நாள் வரும் என்பது ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடமாயிற்று. மஞ்சளைக் குழாயடி ஈரத்தில் வைத்தார்கள். புளியில்தான் சண்டை. புளியங்கன்று வைத்தால் காய்க்க எட்டுப் பத்து வருடம் ஆகும், அதற்குள் நாம் காலேஜ் போய்விடுவோம், எதற்கு வைக்க வேண்டும் என்று ஒரு கட்சி. அப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறவர்கள் சாப்பிடட்டும் என்று மற்றொரு கட்சி. வாக்கெடுப்பில் புளி ஜெயித்தது. பெருங்காயத்தில் மட்டும் தோற்றுப்போனார்கள். அது ஆப்கானிஸ்தான் பக்கத்துக் குளிர்ப் பாலைச் செடி, இந்தியாவில் 2020இல்தான் இமாசலத்து லாகூல் பள்ளத்தாக்கில் விஞ்ஞானிகள் நட்டுப் பார்த்தார்கள் என்று டீச்சர் சொல்லவும், 'பெருங்காயம் இங்கே வளராது, மன்னிக்கவும்' என்று ஓர் அட்டையில் எழுதிக் காலிப் பாத்தியில் நட்டு வைத்துவிட்டார்கள். அந்த அட்டையைப் படம் எடுத்து வந்திருக்கிறேன். இந்த இதழிலேயே எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

கத்தரியில் வேலூர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தனிப் பெருமை உண்டு. அங்கே அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளு கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் இலையிலும் முள் இருக்கும், பறிக்கிற கை ஜாக்கிரதையாகத்தான் போக வேண்டும். பள்ளிக்கு ஆகாது என்று நான் நினைத்தேன். பிள்ளைகள் அதை விரும்பியதே அந்த முள்ளுக்காகத்தான். பறித்தவன் வீரன். விதைக்காக ஒரு காயைப் பழுக்க விட்டுச் செடியிலேயே துணி கட்டி வைத்திருந்தார்கள். அடுத்த ஆடிப்பட்டத்துக்குக் கடையில் விதைப் பாக்கெட் வாங்க வேண்டியதில்லை.

கறிவேப்பிலைச் செடியில் ஒரு பையன் என்னை நிறுத்தினான். "சார், இது இன்னா சொல்லுங்க?" இலை மேல் காக்கை எச்சம். அதைச் சொன்னேன். குச்சியால் மெதுவாகத் தொட்டான். எச்சம் தலையைத் தூக்கி, பாம்பு நாக்கைப் போல் இரண்டாகப் பிளந்த ஒன்றை வெளியே நீட்டியது. ஒரு நாற்றம் வந்தது. புழு. இளம் பருவத்தில் எச்சம் மாதிரி வேஷம் போட்டுப் பறவையை ஏமாற்றும், பிறகு பச்சையாகி இலையோடு இலையாகிவிடும், கடைசியில் கறுப்பு வெள்ளைப் பட்டாம்பூச்சியாகப் போய்விடும். மருந்து அடித்தால் கறிவேப்பிலை முழுசாக இருக்கும், பட்டாம்பூச்சி இருக்காது. ஒரு செடி நமக்கு, ஒரு செடி அதுக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். சுவரோரம் முளைத்த எருக்கையும் பிடுங்கவில்லை. வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடுவது எருக்கில்தான். பெருக்க வரும் அம்மாவுக்கு இதைப் புரியவைக்க ஒரு மாதம் ஆனதாம். இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிற அதிகாரிகளுக்கு இன்னும் புரியவைக்கவில்லை.

பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் போட 2019இலேயே மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. இடம் இல்லாவிட்டால் தொட்டியில் வளர்க்கலாம் என்ற யோசனையெல்லாம் அதில் உண்டு. நல்லதுதான். ஆனால் தோட்டம் சாவது இடம் இல்லாமல் இல்லை. நம் பள்ளி ஆண்டும் பயிர் ஆண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே கிடையாது. ஜூனில் திறந்து, ஆடியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையை வாங்கி, தை மாசியில் காய் பறிப்பது வரை இரண்டும் கைகோத்துப் போகின்றன. அதன்பின் வெயில் ஏற ஏறப் பிள்ளைகள் பரீட்சைக்குப் போய்விடுகிறார்கள். ஆக, மாசியோடு காய்கறிப் பாத்திகளுக்கு ஓய்வு கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். பாத்தி மேல் சருகும் தென்னை மட்டையும் பரப்பி மண்ணை மூடி வைத்தால் போதும். கோடைக்கு நிற்கப்போவது முருங்கை, கறிவேப்பிலை, நொச்சி, பிரண்டை, கற்றாழை. அதிகம் கேட்காத ஜாதிகள். இளங்கன்றுகளுக்கு மட்டும் தண்ணீர் கட்டாயம்.

அதற்கு அவர்கள் செய்திருப்பது பானை. கன்றுக்குப் பக்கத்தில் கழுத்து வரை மண்பானையைப் புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிடுகிறார்கள். சுட்ட மண் வழியாக ஈரம் கசிந்து வேருக்கு நேராகப் போகிறது. மேல்மண் காய்ந்தே இருப்பதால் களையும் இல்லை, ஆவியாவதும் குறைவு. கிறிஸ்து பிறப்பதற்கு முன்னரே சீனத்து வேளாண் நூல் ஒன்றில் எழுதி வைத்த முறை. மினுக்கு ஏற்றிய பானை ஆகாது, கசியாது. சாதாரணச் சட்டிப் பானை போதும். தினமும் ஊற்ற வேண்டிய இடத்தில் மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதுமானது. ஆனாலும் நிரப்ப ஒரு கை வேண்டுமே?

அந்தக் கைக்கு வழி பாடப்புத்தகத்திலேயே இருந்தது. சமூக அறிவியல் பாடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் வருகின்றன. பராந்தகச் சோழன் காலத்தில், 919லும் 921லும் பொறித்தவை. குடத்திலிருந்து ஓலை எடுத்து ஆளைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையைப் படிக்காத தமிழ்ப் பிள்ளை கிடையாது. ஆனால் அந்த ஓலை எதற்காக எடுத்தார்கள் என்பதை வேகமாகக் கடந்துவிடுவோம். சம்வத்சர வாரியத்துக்கு, அதாவது ஆண்டுக் குழுவுக்கு, பன்னிரண்டு பேர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். ஆமாம், தோட்டத்துக்கு என்று தனி வாரியம், ஏரியைவிட இரண்டு மடங்கு ஆள். தோட்டமும் ஏரியும் பார்த்துப் பழகியவர்களைத்தான் சம்வத்சர வாரியத்துக்கு எடுத்தார்கள். பதவிக் காலம் 360 நாள். அதில் கோடை விடுமுறை என்ற பேச்சே இல்லை.

இந்தப் பாடம் நடத்தும்போது டீச்சர் ஒரு மண்குடத்தை வகுப்புக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் போன அன்றைக்குத்தான் குடவோலை. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஜூன் திறக்கும் வரை ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு வீடு, மொத்தம் பன்னிரண்டு பேர். இது தற்செயலாக அமைந்த எண் என்று டீச்சர் சொன்னார், எனக்கு நம்பிக்கையில்லை. பள்ளிக்குப் பக்கத்தில் வீடு இருக்க வேண்டும், பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், இவை தகுதி. போன வருடம் செடியைக் காய விட்டவர்கள் நிற்கக்கூடாது. கல்வெட்டிலும் கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது என்றுதானே இருக்கிறது! கூலியும் உண்டு. ஏரித் தண்ணீரைக் கழனிக்குப் பங்கிட்டுத் தருபவருக்கு அறுவடையில் நெல் அளந்தார்கள் அல்லவா? நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, கம்புகட்டி என்று ஊருக்கு ஊர் அவருக்குப் பெயர் வேறு. அதே கணக்கில், அந்த வாரத்து முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாழைத்தார் விழுந்தால் அதில் ஒரு சீப்பும் தண்ணீர் ஊற்றுகிற வீட்டுக்கு.

உத்திரமேரூரில் ஓலையைக் குடத்திலிருந்து எடுத்தது விவரம் அறியாத ஒரு சிறுவன். இங்கே ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரு பொடியனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. குடத்துக்குள் தோள் வரை கையை விட்டு, வேண்டுமென்றே நேரம் எடுத்துக்கொண்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தான். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். மே இரண்டாவது வாரம், அக்னி நட்சத்திரம் கொளுத்தும் வாரம், ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு விழுந்தது. அவன் முகம் சுருங்கிவிட்டது.

"டீச்சர், அந்த வாரம் நாங்க சோளிங்கர் மாமா வூட்டுக்குப் போறோம். திருவிழா டீச்சர்."

"அப்ப யாருகிட்டயாவது மாத்திக்கோ. ஆனா ஆளு இல்லாம வுடக்கூடாது."

வகுப்பைச் சுற்றிப் பார்த்தான். முதல் வாரம் கிடைத்திருந்த ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுவின தண்ணீர் பற்றி எனக்கு எச்சரிக்கை சொன்ன அதே பெண். மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டான். வெயில் அதிகம், சும்மா மாற்ற முடியாது என்றாள். இரண்டு பேனாவில் தொடங்கிய பேரம் மணி அடித்த பிறகும் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தது. நான் புறப்படும்போது, அவன் வார முருங்கைக்காயில் பாதியும் சோளிங்கரிலிருந்து ஒரு டஜன் வளையலும் என்ற இடத்தில் நின்றிருந்தார்கள். அவள் இன்னும் சம்மதிக்கவில்லை.

ஜூன் இதழுக்காக மறுபடி போகிறேன். கேமராவும் கொண்டுபோவேன்.

அன்புடன்,
ஆசிரியர்